டியூப்லைட்டில் வந்து மோதும் பூச்சிக்கு என்ன பெயர்? பிள்ளையார்பட்டி வெளிச்சத்தில் ஒளிந்திருக்கும் அந்துப்பூச்சி உலகம்

விநாயகர் சதுர்த்தி நெருங்கினால் பிள்ளையார்பட்டியில் இரவும் பகல் மாதிரிதான். கற்பக விநாயகர் கோயிலில் 10 நாள் திருவிழா, தெருவெங்கும் சீரியல் லைட், கடைகளில் டியூப்லைட். அந்த வெளிச்சத்துக்கு பக்தர்களுக்கு அடுத்தபடியாக அதிகம் வருவது யார் என்று பார்த்தால், பூச்சிகள்தான். பழுப்பு, சாம்பல், பச்சை, வெள்ளை என்று சுவரில் வந்து ஒட்டிக்கொள்ளும். ஒருவர் 'பட்டாம்பூச்சி' என்பார், இன்னொருவர் 'விட்டில்' என்பார். பெரும்பாலானவர்கள் எதுவும் சொல்லாமல் துடைப்பத்தை எடுப்பார்கள்.

அவற்றில் பெரும்பகுதி அந்துப்பூச்சிகள். ஒரே பெயரில் அழைத்தாலும் அது ஒரே பூச்சி இல்லை. ஒரு டியூப்லைட்டின் அடியில் ஒரே ராத்திரியில் பத்து, இருபது வகை உட்கார்ந்திருக்கலாம். அவை யார், எப்படிப் பிரிக்கிறார்கள், தெரிந்துகொள்வதால் நமக்கு என்ன பயன்? பார்ப்போம்.

அந்து, விட்டில்... எது எது?

'அந்து' என்ற சொல்லை நாம் மறந்தாலும், நம் வீட்டு பீரோ மறக்கவில்லை. துணிக்கு நடுவில் போட்டு வைக்கும் வெள்ளை உருண்டைக்கு என்ன பெயர்? அந்துருண்டை! அந்து வராமல் இருக்கப் போடும் உருண்டை. நெல் குதிரிலும் தானிய மூட்டையிலும் பறக்கும் சின்னஞ்சிறு பூச்சியைத்தான் கிராமத்தில் அந்து என்பார்கள். அந்தச் சொல்தான் இப்போது இந்தப் பூச்சி இனம் முழுமைக்கும் பொதுப்பெயராகி இருக்கிறது. விளக்கைத் தேடி வந்து விழுவதை விட்டில் என்பது இன்னொரு வழக்கு. ஆனால் விட்டில் என்று சில இடங்களில் வெட்டுக்கிளியையும் சொல்வதால் குழப்பம் வரும்.

இன்னொரு தகவல்: துணி தின்னும் அந்து எல்லா துணியையும் தின்னாது. கம்பளி, பட்டு, இறகு போன்ற விலங்குப் புரதம்தான் அதற்கு வேண்டும். தின்பதும் பறக்கும் பூச்சி அல்ல, அதன் புழு. செட்டிநாட்டு வீடுகளில் பெட்டிக்குள் இருக்கும் பழைய பட்டுப்புடவைக்குத்தான் ஆபத்து, துவைத்து வைத்த காட்டன் கண்டாங்கிக்கு இல்லை.

எத்தனை வகை இருக்கு?

வண்ணத்துப்பூச்சியும் அந்துப்பூச்சியும் சேர்ந்த வரிசைக்கு லெபிடோப்டெரா என்று பெயர். கிரேக்க மொழியில் 'செதில் இறக்கை' என்று பொருள். பூச்சியைத் தொட்டால் விரலில் ஒட்டும் மாவு போன்ற தூள்தான் அந்தச் செதில். (அது கண்ணில் பட்டால் பார்வை போய்விடும் என்று சின்ன வயதில் பயமுறுத்தியிருப்பார்கள். உறுத்தும், கழுவினால் சரியாகிவிடும்.)

இந்த வரிசையில் உலகம் முழுக்க இதுவரை விவரிக்கப்பட்டவை சுமார் 1 லட்சத்து 60 ஆயிரம் இனங்கள். அதில் வண்ணத்துப்பூச்சிகள் 18 ஆயிரம் சொச்சம்தான். அதாவது பத்தில் ஏறக்குறைய ஒன்பது பங்கு அந்துப்பூச்சி. இந்தியாவில் மட்டும் 10 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அந்துப்பூச்சி இனங்கள் பதிவாகி இருக்கின்றன. ஒப்பிட்டுப் பார்க்க: குளிர்ப் பிரதேசமான பிரிட்டனில் சுமார் 2,500.

வெப்பமண்டலத்தில் ஏன் இவ்வளவு? முக்கியமான காரணம் செடிகள். பல புழுக்கள் எல்லா இலையையும் தின்பதில்லை; ஒரு சில செடிகளையோ, ஒரு செடிக் குடும்பத்தையோ நம்பித்தான் வாழ்கின்றன. செடி வகை கூடக் கூட, அதைத் தின்னும் புழு வகையும் கூடும். தவிர, நடுக்கும் குளிர்காலம் இல்லாததால் ஆண்டுக்குப் பல தலைமுறை எடுக்க முடிகிறது.

மழைக்காடு இருந்தால்தான் அந்துப்பூச்சி என்று நினைக்க வேண்டாம். காரைக்குடி, திருப்பத்தூர் வட்டாரம் செம்மண், முள்காடு, கண்மாய்க்கரை. ஆனால் கோயில் நந்தவனத்து அரளியும் நந்தியாவட்டையும் ஒரு பூச்சியின் சாப்பாடு. கொல்லைப்புற முருங்கை வேறு ஒன்றுக்கு. வேலியில் ஏறிய சீந்தில்கொடி இன்னொன்றுக்கு. வயல் வரப்பில் நிற்கும் ஆமணக்கு மற்றொன்றுக்கு.

பார்த்தவுடன் எப்படி கண்டுபிடிப்பது?

முதலில் உணர்கொம்பைப் பாருங்கள். வண்ணத்துப்பூச்சிக்கு அது மெல்லிய கம்பி மாதிரி இருந்து, நுனியில் தீக்குச்சித் தலை போல பருத்திருக்கும். அந்துப்பூச்சிக்கு வெறும் நூல் மாதிரியோ, சீப்பு மாதிரியோ, இறகு மாதிரியோ இருக்கும். இறகு போல விரிந்திருந்தால் பெரும்பாலும் ஆண். பெண் பூச்சி வெளியிடும் வாசனையை இருட்டில் தூரத்திலிருந்தே பிடிக்கும் ஆன்டெனா அதுதான்.

அடுத்தது உட்காரும் விதம். வண்ணத்துப்பூச்சி பெரும்பாலும் இறக்கையை முதுகுக்கு மேல் கூப்பி வைக்கும். அந்துப்பூச்சி விரித்தோ, ஓட்டு வீட்டுக் கூரை போல சரித்தோ வைத்திருக்கும்.

ஆனால் 'பகலில் பறந்தால் வண்ணத்துப்பூச்சி, இரவில் பறந்தால் அந்து' என்ற பள்ளிக்கூட விதி பாதிதான் சரி. பகலில் பூச்செடி முன் அந்தரத்தில் நின்றபடி, சர்ரென்ற சத்தத்தோடு தேன் குடிக்கும் கண்ணாடி இறக்கைப் பூச்சியைப் பார்த்திருப்பீர்கள். பலர் வண்டு என்றோ தேன்சிட்டு என்றோ நினைக்கும் அது செஃபனோடஸ் ஹைலாஸ் என்ற அந்துப்பூச்சி. கிலுகிலுப்பைச் செடியைச் சுற்றிப் பகலிலேயே பறக்கும் வெள்ளையில் சிவப்பு, கறுப்புப் புள்ளி போட்ட பூச்சியும் அந்துதான்.

உண்மையில் அறிவியல் கணக்குப்படி இவை இரண்டும் எதிரெதிர் அணிகள் இல்லை. அந்துப்பூச்சி என்ற பெரிய மரத்தின் ஒரு கிளைதான் வண்ணத்துப்பூச்சி. 2019-ல் வெளியான ஒரு பெரிய மரபணு ஆய்வு, செதில் இறக்கை வரிசை தோன்றி சுமார் 30 கோடி ஆண்டுகள் என்றும், வண்ணத்துப்பூச்சிகள் தோன்றி சுமார் 10 கோடி ஆண்டுகள் என்றும் கணக்கிட்டது. 100-க்கும் மேற்பட்ட குடும்பங்களில் ஏழே ஏழு குடும்பங்கள் பகலுக்கு வந்து, பளிச்சென்று உடுத்திக்கொண்டன. புகழ் எல்லாம் அந்த ஏழுக்குப் போய்விட்டது. தமிழ்நாடு அரசு 2019-ல் 'தமிழ் மறவன்' என்ற வண்ணத்துப்பூச்சியை மாநில வண்ணத்துப்பூச்சியாகவே அறிவித்தது.

தரங்கம்பாடி, நீலகிரி: பெயர் வைத்த கதை

1758-ல் ஸ்வீடனின் லின்னேயஸ் இந்தப் பூச்சிகளை மூன்றே பெட்டியில் போட்டார். பகலில் பறப்பவை பாப்பிலியோ. தடித்த உடம்போடு வேகமாகப் பறப்பவை ஸ்ஃபிங்ஸ். மிச்சம் இருந்த எல்லாமே ஃபலீனா. மிச்சம்தான் பெரும் கூட்டம் என்பதால், அதற்குள் பிரிவு பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் பெயரின் கடைசி எழுத்தை அடையாளமாக வைத்தார். ஒரு பிரிவுக்கு 'எல்லா', இன்னொன்றுக்கு 'ஆலிஸ்' என்று. இன்றைக்கும் நெல் அந்துப்பூச்சியின் பெயர் சிட்டோட்ரோகா சீரியலெல்லா. நெல் இலைச்சுருட்டுப்புழுவின் பெயர் நஃபலோக்ரோசிஸ் மெடினாலிஸ். வேளாண் புத்தகங்களில் வாய்க்குள் நுழையாத அந்தப் பெயர்களின் வாலில் 260 ஆண்டு பழைய பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

லின்னேயஸின் மாணவர் யோஹான் ஜெரார்டு கோனிக் 1768-ல் தரங்கம்பாடிக்கு வந்தார். அப்போது அது டேனிஷ்காரர்கள் வசம் இருந்த ஊர். அவர் அங்கிருந்து அனுப்பிய பூச்சிகள், லின்னேயஸின் இன்னொரு மாணவரான ஃபேப்ரிசியஸின் மேசைக்குப் போய், அங்கே பெயர் பெற்றன. ஆக, இந்தியப் பூச்சியியலின் தொடக்க அத்தியாயத்தில் தமிழ்க் கடற்கரைக்கு ஓர் இடம் உண்டு.

அடுத்த பெரிய பெயர் ஜார்ஜ் ஹாம்ப்சன். நீலகிரியில் தேயிலைத் தோட்டம் பார்க்க வந்த ஆங்கிலேயர். தேயிலையைவிட விளக்கில் வந்த பூச்சி பிடித்துப்போனது போலிருக்கிறது. நீலகிரி அந்துப்பூச்சிகளைப் பற்றி 1891-ல் ஒரு நூல், பிறகு 1892 முதல் 1896 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் அந்துப்பூச்சிகள் பற்றி நான்கு தொகுதிகள். நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்திய அந்துப்பூச்சியை அடையாளம் காண நினைப்பவர்கள் அந்தத் தொகுதிகளைப் புரட்டாமல் இருக்க முடியாது. இது பெருமையா, அதற்குப் பிறகு அவ்வளவு பெரிய முழுத்தொகுப்பு வரவில்லையே என்ற வருத்தமா என்பதை வாசகர்களிடமே விட்டுவிடலாம்.

குடும்பம் குடும்பமாகப் பார்த்தால்...

எல்லா குடும்பத்தையும் இங்கே சொல்ல முடியாது. நம்ம ஊரில் கண்ணில் படக்கூடிய சில முகங்கள் மட்டும்.

ஸ்ஃபிங்கிடே: ஜெட் விமானம் போல இறக்கை. இவற்றின் புழுக்களில் பெரும்பாலானவற்றுக்கு வால் பக்கம் ஒரு கொம்பு இருக்கும். அரளி, நந்தியாவட்டை இலையில் தடியான பச்சைப் புழு, தலைக்குப் பின்னால் நீலமும் வெள்ளையுமாக இரண்டு கண் போன்ற பொட்டு என்றால், அது டாஃப்னிஸ் நேரி. மாட்டுக்கும் மனிதனுக்கும் விஷமான அரளி இலையை அது முறுக்கு மாதிரி மென்று தின்னும். பூச்சியான பிறகு ராணுவச் சீருடை போல பச்சையில் ஓவியம் போட்ட இறக்கை. இந்தக் குடும்பத்தில்தான் முதுகில் மண்டையோடு போல அடையாளம் கொண்ட அகெரோன்ஷியாவும் இருக்கிறது. 'தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' படத்தின் போஸ்டரில் வந்து பயமுறுத்தியது இந்த வகைதான். நிஜத்தில் அது செய்யும் பெரிய குற்றம், தேன்கூட்டுக்குள் புகுந்து தேன் திருடுவது. புழு எள்ளுச் செடியில் வளரும். பிடித்தால் எலி மாதிரி கீச்சென்று கத்தும். பிள்ளையார் ஊருக்குப் பொருத்தமான பூச்சி!

ஜியோமெட்ரிடே: பெயருக்கு 'நிலத்தை அளப்பது' என்று பொருள். உடம்பை வளைத்து, நீட்டி, சாண் போட்டு அளப்பது போல நடக்கும் புழு. பூச்சிகள் பெரும்பாலும் மெலிந்தவை, சுவரில் தட்டையாக ஒட்டிக்கொள்ளும்.

யூப்டெரோடிடே: பெயர் புதிதாக இருக்கலாம், ஆள் பழையவர்தான். முருங்கை மரத்தண்டில் கூட்டம் கூட்டமாக அப்பிக்கிடக்கும் கம்பளிப்புழு இந்தக் குடும்பம்.

டினீடே: வீட்டுச் சுவரில் பூசணி விதை அளவில், சாம்பல் நிறத்தில் தட்டையான ஓர் உறை மெதுவாக நகர்வதைப் பார்த்திருப்பீர்கள். குப்பை என்று நினைத்திருப்பீர்கள். உள்ளே புழு இருக்கிறது. தூசி, மணல், நூல் எல்லாம் சேர்த்துத் தானே கட்டிய வீடு.

எரிபிடே: இது பெரிய கூட்டுக்குடும்பம். இறக்கையில் ஆந்தைக்கண் போட்ட பெரிய பழுப்புப் பூச்சி, சீந்தில்கொடியில் வளர்ந்து பிறகு பழத்தில் துளைபோட்டுச் சாறு குடிக்கும் பூச்சி, மானாவாரி நிலக்கடலையை மொட்டையடிக்கும் சிவப்பு கம்பளிப்புழு, ஆமணக்கு காவடிப்புழு எல்லாம் இதில்தான். வேளாண்மை படிக்கும் மாணவர்கள் கவனிக்க: பழைய பாடப்புத்தகத்தில் சிவப்பு கம்பளிப்புழு ஆர்க்டிடே குடும்பம் என்று இருக்கும். மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு ஆர்க்டிடே, லிமான்ட்ரிடே ஆகியவற்றோடு நாக்டுயிடேயின் ஒரு பெரும் பகுதியையும் எரிபிடேக்குள் சேர்த்துவிட்டார்கள்.

சாட்டர்னிடே: மலைப்பக்கம் போனால் அடிக்கடி தலைப்புச் செய்தி ஆகும் குடும்பம். அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

'அட்லஸ்' என்று நாம் சொல்வது அட்லஸ்தானா?

'அரிய வகை ராட்சதப் பட்டாம்பூச்சி... பொதுமக்கள் ஆச்சரியம்' என்று ஆண்டுக்கு நான்கு முறையாவது செய்தி வரும். இறக்கை நுனியில் பாம்புத் தலை போல வளைவு, இறக்கையில் கண்ணாடிச் சன்னல் மாதிரி முக்கோணம். 'அட்லஸ்' என்று செய்தி போடுவார்கள். முதல் திருத்தம், அது பட்டாம்பூச்சி இல்லை. இரண்டாவது திருத்தம் கொஞ்சம் நுணுக்கமானது. அட்டாகஸ் அட்லஸ் என்ற இனம் வட இந்தியாவிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை பரவியது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பது அட்டாகஸ் டாப்ரோபானிஸ் என்ற நெருங்கிய உறவுக்கார இனம். டாப்ரோபேன் என்பது இலங்கைக்குப் பழைய கிரேக்கர்கள் வைத்த பெயர்.

இந்தப் பூச்சிக்கு இயங்கும் வாய் இல்லை. புழுவாக இருந்தபோது தின்ற கொழுப்பை வைத்துத்தான் ஒன்று, இரண்டு வாரம் வாழும். அதற்குள் ஜோடி சேர்ந்து முட்டை வைக்க வேண்டும். அதைப் பிடித்துப் பாட்டிலில் போட்டு செல்ஃபி எடுத்தால், அதன் வாழ்நாளில் பாதியை எடுத்துக்கொண்டோம் என்று அர்த்தம்.

பெயர் தெரிவதால் விவசாயிக்கு என்ன லாபம்?

தமிழில் தனிப்பெயர் உள்ள அந்துப்பூச்சிகளை எழுதிப் பாருங்கள். குருத்துப்பூச்சி, இலைச்சுருட்டுப்புழு, காய்ப்புழு, கருந்தலைப்புழு, காவடிப்புழு, படைப்புழு... எல்லாமே குற்றப்பட்டியல்! பட்டுப்பூச்சி ஒன்றுதான் நல்ல பெயர் வாங்கியது. பயிரைக் கெடுத்தால்தான் தமிழில் பெயர் கிடைக்கும் என்ற நிலை. பப்பாளியிலும் மரமல்லியிலும் இரவில் மகரந்தம் சேர்க்கும் பூச்சிகளுக்குப் பெயர் இல்லை.

பெயரே இல்லாவிட்டால் எல்லாம் 'பூச்சி', எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து என்றாகிவிடும். இதில் பணமும் போகிறது, நன்மை செய்வதும் சாகிறது. இனம் தெரிந்தால் என்ன மாறும் என்பதற்கு மக்காச்சோளப் படைப்புழு நல்ல உதாரணம். அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இது 2016-ல் ஆப்பிரிக்காவுக்கும், 2018 மே மாதம் கர்நாடகாவுக்கும் வந்தது. அதே ஆண்டு தமிழ்நாட்டு மக்காச்சோளத்தையும் தின்றது. நம் ஊரில் ஏற்கெனவே இருக்கும் புழுக்களோடு குழப்பிக்கொள்ள வாய்ப்பு அதிகம். அடையாளம் இதுதான்: தலையில் தலைகீழான ஆங்கில 'ஒய்' எழுத்து, வால் பக்கக் கணுவில் சதுரமாக நான்கு கரும்புள்ளி.

அதன் சொந்தக்காரன், நம்ம ஊர் 'புரொடீனியா'. ஃபேப்ரிசியஸ் 1775-ல் லிட்டுரா என்று பெயர் வைத்த இனம். பிறகு அது புரொடீனியா லிட்டுரா என்று இருந்தது. விஞ்ஞானிகள் ஸ்போடாப்டெரா என்று மாற்றிவிட்டார்கள். விவசாயிகளும் மருந்துக்கடைக்காரர்களும் மாற்றவில்லை. இன்றைக்கும் 'புரொடீனியா விழுந்திருக்கு' என்றுதான் சொல்கிறார்கள்.

சிவகங்கை மாதிரி வானம் பார்த்த பூமிக்கு முக்கியமானது சிவப்பு கம்பளிப்புழு. கூட்டுப்புழுவாக மண்ணுக்குள் மாதக்கணக்கில் தூங்கும். நல்ல மழை பெய்ததும் தாய்ப்பூச்சிகள் ஒரே நேரத்தில் மண்ணைவிட்டு வெளியே வரும். மழை பெய்த அந்தச் சில நாட்களில் மாலையில் விளக்குப்பொறி வைத்தாலோ, வயலோரம் தீ மூட்டினாலோ கூட்டமாக அழிக்க முடியும். முட்டைக்குவியல் உள்ள இலையைக் கிள்ளி எடுப்பதும் அப்போதுதான் பலன் தரும். புழு வளர்ந்து, ரோமம் முளைத்து, வயல்விட்டு வயல் படையெடுக்க ஆரம்பித்தால் மருந்துக்கும் மசியாது. ஆக, இங்கே பூச்சியின் பெயரைவிட அதன் காலண்டர் தெரிவதுதான் காசு.

ஒரு வேடிக்கையும் உண்டு. கார்சைரா என்ற அரிசி அந்துப்பூச்சியை ஆய்வகங்களில் கம்பு கொடுத்து வேண்டுமென்றே வளர்க்கிறார்கள். அதன் முட்டையில் டிரைக்கோகிரம்மா என்ற குளவியை வளர்த்து, அட்டையில் ஒட்டி விவசாயிகளுக்குக் கொடுக்கிறார்கள். கரும்புத் துளைப்பான் மாதிரி மற்ற அந்துப்பூச்சிகளின் முட்டையை அந்தக் குளவி அழிக்கும். திருடனைப் பிடிக்கத் திருடனையே வளர்க்கிற ஏற்பாடு.

வெளிச்சத்துக்கு ஏன் வருது?

நிலவு என்று நினைத்து ஏமாறுகிறது, சூட்டைத் தேடி வருகிறது என்று பல விளக்கம் சொல்லப்பட்டது. 2024 ஜனவரியில் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு, அதிவேக கேமராவில் பூச்சிகளைப் படம் பிடித்து வேறு காரணம் சொன்னது. இரவிலும் வானம்தான் தரையைவிட வெளிச்சம். அதனால் பூச்சி எப்போதும் வெளிச்சம் இருக்கும் பக்கம் முதுகைக் காட்டியபடி பறந்து, மேல் எது கீழ் எது என்று தெரிந்துகொள்கிறது. பல்பு பக்கத்தில் வந்ததும் முதுகை பல்புக்குத் திருப்புகிறது. திரும்பத் திரும்பத் திருப்பி, சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஆசைப்பட்டு வரவில்லை, மாட்டிக்கொள்கிறது.

இப்படி மாட்டிய பூச்சி அன்றிரவு தேன் குடிக்காது, ஜோடி தேடாது, விடிந்ததும் கரிச்சானுக்கும் பல்லிக்கும் இரையாகும். வெள்ளை, நீலம் கலந்த எல்.இ.டி. வெளிச்சத்துக்கு அதிகம் வரும், மஞ்சள் வெளிச்சத்துக்குக் குறைவு. விளக்கின் மேல் பக்கம் மூடி போட்டுத் தரையை மட்டும் காட்டினாலும் குறையும். இதே திருப்பத்தூர் வட்டாரத்தில் வேட்டங்குடி சரணாலயத்துப் பறவைகளுக்காக கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்குப் பட்டாசே வெடிப்பதில்லை. பறவைக்காகச் சத்தத்தை விட்டுக்கொடுத்த பூமி இது. பூச்சிக்காக ஒரு லைட்டை அணைக்கச் சொன்னால் சிரிப்பார்களோ என்னவோ! ஆனால் அந்தப் புழுக்கள் இல்லாமல் தோட்டத்துச் சிறுபறவைகள் குஞ்சுக்கு ஊட்ட முடியாது.

கம்பளிப்புழு பட்டுவிட்டால்?

பறக்கும் அந்துப்பூச்சி கொட்டாது. சில வகைப் புழுக்களின் ரோமம்தான் அரிப்பு, தடிப்பு தரும். பட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது, தேய்த்தால் ரோமம் இன்னும் உள்ளே போகும். செலோ டேப்பை ஒட்டி ஒட்டி எடுத்தால் ரோமம் டேப்போடு வரும். பிறகு சோப்பு போட்டுக் கழுவி, ஐஸ் ஒத்தடம் கொடுக்கலாம். கண்ணில் பட்டாலோ, மூச்சுத் திணறல், முகவீக்கம் வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நீங்களே பார்க்க வேண்டுமா?

பெரிய செலவு இல்லை. வெள்ளை வேட்டி ஒன்று, பல்பு ஒன்று. தெருவிளக்கு இல்லாத இடத்தில் வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டு முன்னால் பல்பைப் போடுங்கள். அமாவாசையை ஒட்டிய இரவு, மழைக்கு மறுநாள் புழுக்கமான இரவு என்றால் அதிகம் வரும். 9 மணிக்கு வருவது வேறு, நள்ளிரவில் வருவது வேறு.

பெயர் கண்டுபிடிக்க ஒரே போட்டோ போதாது. மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முடிந்தால் பின் இறக்கை தெரியும்படி ஒன்று. எவ்வளவு பெரியது என்று தெரிய பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம். தேதி, ஊர், பக்கத்தில் என்ன செடி என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் செயலியிலும் இந்திய அந்துப்பூச்சிகளுக்கான 'மாத்ஸ் ஆஃப் இந்தியா' தளத்திலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அப்படியும் சில இனங்களை வெளித்தோற்றத்தை வைத்துப் பிரிக்கவே முடியாது. நிபுணர்கள் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்தோ, 658 எழுத்து நீள டி.என்.ஏ. துண்டைப் படித்தோதான் முடிவு செய்வார்கள். குழந்தைகளோடு போய்ப் பார்க்க கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் பூச்சி அருங்காட்சியகம் இருக்கிறது.

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை கடைசி வாரத்தில் உலகின் பல நாடுகளில் இதற்காகவே 'அந்துப்பூச்சி வாரம்' நடக்கிறது. 2012-ல் அமெரிக்காவில் தொடங்கியது, இந்தியாவிலும் பலர் கலந்துகொள்கிறார்கள். வேட்டி கட்டிப் பார்ப்பவர்கள் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: விடிவதற்கு முன்பே பல்பை அணைத்து, துணியை மெதுவாக உதறிவிடுங்கள். காலையில் கரிச்சான் வந்தால் ஒன்றுகூட மிஞ்சாது.